சென்ட்ரி மோட் இயங்கியும் உரசல் பதிவாகவில்லை: எங்கே தவறியிருப்பேன்?

வழிப்போக்கன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது டெஸ்லா மாடல் 3. பேட்டரியின் கொள்ளளவு ஏறத்தாழ 75 கிலோவாட் மணி. அண்மையில் ஒரு பயணத்துக்காகத் திறந்தவெளி வாகன நிறுத்தகம் ஒன்றில் காரை ஒன்பது நாள் விட்டுச் செல்ல வேண்டியிருந்தது. புறப்படும்போது பேட்டரி 82 சதவீதம் இருந்தது. நிறுத்திய காரைச் சுற்றி நடப்பதைக் கேமராக்களால் கண்காணிக்கும் சென்ட்ரி மோட் இயங்குகிறதா என்று திரையில் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகே கதவைப் பூட்டினேன்.

திரும்பி வந்து பார்த்தபோது, இடப்பக்கப் பின்கதவின் அடியிலிருந்து சக்கர வளைவு வரை ஒரு சாண் நீளத்துக்கு உரசல் விழுந்திருந்தது. என் கார் அடர்நீலம். உரசலின் மேல் வெள்ளை வண்ணம் ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டியபோது அது தூளாக உதிர்ந்தது. வேறொரு வண்டிதான் உரசியிருக்கிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. பேட்டரி 19 சதவீதத்துக்கு இறங்கியிருந்தது. ஏழாம் நாள் இரவில் சென்ட்ரி மோட் நின்றுவிட்டதாகக் கைப்பேசிக்கு அறிவிப்பு வந்திருக்கிறது. பயண அலைச்சலில் அதை நான் கவனிக்கவில்லை.

குளோவ் பாக்ஸில் இருந்த பென்டிரைவை எடுத்துக் கணினியில் பார்த்தேன். சென்ட்ரி கிளிப்ஸ் என்ற கோப்புறையில் மொத்தம் ஐந்தே நிகழ்வுகள் இருந்தன. ஒன்றில்கூட வெள்ளை வண்டி எதுவும் என் காரை உரசவில்லை. ஒன்பது நாளும் ஆட்கள் வந்துபோகிற இடத்தில் ஐந்து நிகழ்வுகள்தாம் பதிவாகும் என்பதை என்னால் நம்ப முடியவில்லை. சென்ட்ரி நின்ற பிறகுதான் உரசல் நடந்ததா, அல்லது இயங்கிக்கொண்டிருந்தபோதே அது தவறவிட்டதா? அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றி உடையவனாக இருப்பேன்.

நெடுஞ்சாலை எழுதியது:

முதலில் பேட்டரிக் கணக்கைப் பார்த்துவிடுவோம், அதில் புதிர் ஏதும் இல்லை. கார் நிறுத்தப்பட்டு உறக்கத்துக்குப் போய்விட்டால் அது செலவழிக்கும் மின்சாரம் மிகக் குறைவு. சென்ட்ரி மோட் இயங்கும் வரை கார் உறங்குவதே இல்லை. கேமராக்களும் அவற்றின் காட்சிகளை ஆராயும் கணினியும் இரவு பகலாக விழித்திருக்கின்றன. பல உரிமையாளர்கள் அளந்து சொல்வதும் என் காரில் நான் கண்டதும் ஏறத்தாழ 250 வாட். ஒரு நாளைக்கு 24 மணி நேரம் என்று பெருக்கினால் 6 கிலோவாட் மணி. உங்கள் பேட்டரியில் அது 8 சதவீதம். 82 சதவீதத்திலிருந்து 20 சதவீதம் வரை இறங்குவதற்கு இருந்த இடைவெளி 62 சதவீதம். அதை எட்டால் வகுத்தால் எட்டு நாளைக்குச் சற்றுக் குறைவு. பேட்டரி 20 சதவீதத்துக்குக் கீழே போனதும் சென்ட்ரி தானாகவே அணைந்துவிடும், கைப்பேசிக்கும் அறிவிப்பு வரும். உங்களுக்கு ஏழாம் நாள் இரவில் அறிவிப்பு வந்தது இந்தக் கணக்குக்கு மிக அருகில் இருக்கிறது.

கணக்கைவிடச் சில மணி நேரம் முன்பாகவே அணைந்ததற்குக் காரணம் கேபின் ஓவர்ஹீட் புரொடெக்‌ஷன் ஆக இருக்கலாம். வெயிலில் நிற்கும் காரின் உட்புற வெப்பம் எல்லை மீறாமல் காப்பதற்காக அது ஏ.சி.யை இயக்கும். நிறுத்திய பிறகு 12 மணி நேரம் வரையிலும், அல்லது பேட்டரி 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கும் வரையிலும் அது செயல்படும் என்பதால், நீண்ட நாள் நிறுத்தத்தில் அதன் பங்கு பெரிதன்று. ஆயினும் முதல் நாள் பகலில் ஒன்றிரண்டு சதவீதத்தை விழுங்கியிருக்கும். சார்ஜர் உள்ள இடம் கிடைத்தால் செருகிவிட்டுப் போவதே நல்லது, அப்போது இந்தக் கணக்கு எதுவும் தேவைப்படாது. கிடைக்காவிட்டால், எத்தனை நாள் நிறுத்தப் போகிறோமோ அத்தனை எட்டு சதவீதத்தோடு, திரும்பி வீட்டுக்கு ஓட்டிவரத் தேவையானதையும் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் சென்ட்ரியை இயக்குவதா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டும். நான் ஆறு நாளுக்கு மேல் நிறுத்துவதாக இருந்தால், கூரையும் காவலும் உள்ள நிறுத்தகத்தைத் தேடிப் பிடித்துவிட்டு சென்ட்ரியை அணைத்துவிடுகிறேன்.

ஐந்தே நிகழ்வுகள் ஏன் என்பதற்கு மட்டும் என்னிடம் விடை இல்லை. திறந்தவெளியில் ஒரே நாளில் நாற்பது, ஐம்பது நிகழ்வுகளை என் கார் பதிவு செய்ததுண்டு.

கண்காணி எழுதியது:

பேட்டரியைப் பற்றி நெடுஞ்சாலை எழுதியது சரி. ஐந்தே நிகழ்வுகள் என்பதுதான் என்னையும் உறுத்துகிறது. இந்த வழக்கின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

சென்ட்ரி மோட் என்றால் ஒன்பது நாளையும் முழுப் படமாகப் பிடித்து வைத்திருக்கும் என்று பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். 2019 பிப்ரவரியில் டெஸ்லா இதை அறிமுகப்படுத்திய நாளிலிருந்தே அமைப்பு அப்படிப்பட்டதன்று. கார் முதலில் காத்திருப்பு நிலையில் இருக்கும். யாராவது காரின் மேல் சாய்ந்தாலோ மிக நெருங்கி வந்தாலோ எச்சரிக்கை நிலைக்கு மாறும்; கேமராக்கள் பதிவு செய்கின்றன என்ற செய்தி திரையில் தோன்றும். கண்ணாடியை உடைப்பது போன்ற கடுமையான செயல் நடந்தால்தான் அலாரம் நிலை. அப்போது ஒலி எழும்பும், கைப்பேசிக்கும் செய்தி வரும். ஒரு நிகழ்வு என்று கார் முடிவு செய்த பிறகுதான், அதற்கு முந்தைய சில நிமிடங்களையும் சேர்த்து சென்ட்ரி கிளிப்ஸ் கோப்புறையில் பத்திரப்படுத்தும். நிகழ்வாகக் கார் கருதாத காட்சி எதுவும் தங்குவதில்லை, அதன் மேலேயே அடுத்த காட்சி எழுதப்பட்டுவிடும். அதாவது, உரசல் கேமராவின் கண்முன்னே நடந்திருந்தாலும், கார் அதை உணரவில்லை என்றால் உங்களுக்கு எதுவும் மிஞ்சாது.

ஆகவே இரண்டு செய்திகள் எனக்குத் தேவை. முதலாவது, உங்கள் பென்டிரைவ் எப்படிப்பட்டது? டெஸ்லாவின் கையேடு கேட்பது குறைந்தது 64 ஜி.பி. கொள்ளளவும், நொடிக்கு 4 எம்.பி. என்ற வேகத்தில் இடைவிடாமல் எழுதும் திறனும். பென்டிரைவ் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் கோப்பு முறை எக்ஸ்ஃபேட் அல்லது ஃபேட் 32 ஆக இருக்கலாம். விண்டோஸ் கணினியில் வழக்கமாகப் பயன்படுத்தும் என்.டி.எஃப்.எஸ். செல்லாது. பாட்டுக் கேட்பதற்காக வாங்கிய பென்டிரைவ்கள் ஓயாத எழுத்தைத் தாங்குவதில்லை. என்னுடைய முதல் பென்டிரைவ் நான்கு மாதத்தில் செத்தது. திரையில் ஒரு சிறு குறியீடு சாம்பல் நிறமாக மாறியதைத் தவிர வேறு அறிகுறி இல்லை, இரண்டு வாரம் கழித்துத்தான் கவனித்தேன். இப்போது சிறிய எஸ்.எஸ்.டி. சேமிப்பகம் ஒன்றைப் பொருத்தியிருக்கிறேன், இரண்டு ஆண்டாகத் தொல்லை இல்லை.

இரண்டாவது செய்தி இன்னும் முக்கியம். கன்ட்ரோல்ஸ், பிறகு சேஃப்டி என்று போனால் சென்ட்ரி மோடுக்குக் கீழே கேமரா பேஸ்டு டிடெக்‌ஷன் (கேமரா வழிக் கண்டறிதல்) என்று ஒரு தெரிவு இருக்கும். அது இயங்குகிறதா, அணைந்திருக்கிறதா என்று தயவுசெய்து பார்த்துச் சொல்லுங்கள்.

வழிப்போக்கன் எழுதியது:

மிக்க நன்றி. பென்டிரைவ் 128 ஜி.பி., காரோடு வந்ததுதான். அதில் இன்னும் பாதிக்கு மேல் இடம் இருக்கிறது.

நீங்கள் சொன்ன தெரிவு அணைந்திருக்கிறது. அதை அணைத்தவன் நானேதான். எங்கள் குடியிருப்பில் கார் நிற்கும் இடம் படிக்கட்டை ஒட்டியது. மேலே ஏறுகிறவர், இறங்குகிறவர், குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிறவர் என்று யார் கடந்தாலும் முகப்பு விளக்குகள் ஒளிர்ந்து அடங்கும். ஒவ்வொரு முறையும் தன்னைப் படமெடுப்பதாக உணர்வதாகப் பக்கத்து வீட்டு அம்மா ஒருநாள் வருத்தத்தோடு சொன்னார். அவர் சொன்னது நியாயமாகப் பட்டது. அன்று மாலையே மெனுவில் தேடிப்பிடித்து அணைத்தேன். அது சில மாதங்களுக்கு முன்பு. பயணம் போகும்போது அப்படி ஒன்றை அணைத்து வைத்திருக்கிறோம் என்ற நினைவே எனக்கு இல்லை.

கண்காணி எழுதியது:

அப்படியென்றால் முடிச்சு அவிழ்ந்துவிட்டது. அந்தத் தெரிவு அணைந்திருக்கும்போது, கேமராவில் ஆள் அசைவு தெரிவதைக் கார் பொருட்படுத்தாது. தன் உடலில் ஏதாவது பட்டால் மட்டுமே விழித்துக்கொள்ளும். ஒன்பது நாளில் ஐந்தே நிகழ்வுகள் என்றால், அந்த ஐந்து முறையும் யாராவது தொட்டிருக்க வேண்டும் அல்லது இடித்திருக்க வேண்டும். நடை வேகத்தில் பின்னால் வரும் வண்டியின் முனை, கதவின் அடியில் வழுக்கிக்கொண்டு போனால், காரின் உடல் குலுங்குவதே இல்லை என்று சொல்லலாம். கதவை ஓங்கி அறைவதற்கு உள்ள அதிர்வுகூட அதில் இருக்காது. நீங்கள் காரை ஒரு வாரம் கண்ணை மூடிக்கொண்டு நிற்க வைத்திருக்கிறீர்கள்; தொட்டால் மட்டும் விழித்திருக்கிறது.

வீட்டில் விளக்கு ஒளிர்வதை நிறுத்த அந்தத் தெரிவை அணைக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. சென்ட்ரி மோட் மெனுவிலேயே வீடு, அலுவலகம், விருப்ப இடங்கள் ஆகியவற்றை விலக்கி வைக்கும் வசதி இருக்கிறது. வீட்டு முகவரியைக் காரின் வழிகாட்டியில் சேமித்துவிட்டு, வீட்டை விலக்கு என்பதைத் தேர்ந்தெடுத்தால், அங்கே நிறுத்தும்போது சென்ட்ரி இயங்காது. வேறெங்கே நிறுத்தினாலும் முழுக் கண்ணோடு இயங்கும். பேட்டரியும் மிச்சமாகும்.

படிக்கட்டோரம் எழுதியது:

பக்கத்து வீட்டு அம்மாவின் வருத்தத்தை வழிப்போக்கன் மதித்தது எனக்குப் பிடித்திருந்தது. அதற்காகவே இந்த இழையில் எழுதுகிறேன். கார் நம்முடையது என்றாலும் கேமராவில் விழுகிற முகங்கள் நம்முடையவை அல்ல. காரைச் சுற்றி நான்கு திசையையும் பார்க்கும் ஒரு கருவியைப் பொதுவழியை நோக்கி நாள் முழுவதும் இயக்கி வைப்பதற்கும், வீட்டு வாசலில் ஒரு கேமரா வைப்பதற்கும் உள்ள வேறுபாட்டைப் பலர் யோசிப்பதில்லை.

நெதர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் சென்ட்ரி மோடை ஆராய்ந்து, 2023 பிப்ரவரியில் தன் முடிவுகளை வெளியிட்டது. அந்த விசாரணையின் போக்கில் டெஸ்லா சில மாற்றங்களைச் செய்திருந்தது. காரைத் தொட்டால் மட்டுமே பதிவு தொடங்கும் என்பது இயல்பு நிலையானது. அருகில் நடமாட்டம் தெரிந்தாலே பதிவு செய்ய வேண்டும் என்றால் உரிமையாளர் தாமே அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பதிவு நடக்கிறது என்பதை அருகில் இருப்பவர்கள் அறிய முகப்பு விளக்குகள் ஒளிரும். சேமிக்கும் காட்சியின் நீளமும் குறைக்கப்பட்டது. வழிப்போக்கன் அணைத்த தெரிவும், அவருடைய அண்டை வீட்டாரைச் சங்கடப்படுத்திய விளக்கும் இந்தக் கவலையைச் சேர்ந்தவைதாம். அந்த ஆணையம் சொன்னதில் நாம் எல்லோரும் நினைவில் வைக்க வேண்டியது, படமெடுப்பதற்குச் சட்டப்படி பொறுப்பாளி காரைச் செய்த நிறுவனம் அன்று, காரின் உரிமையாளர் என்பதுதான். ஒவ்வொரு நாட்டிலும் சட்டம் ஒவ்வொரு விதம்; தங்கள் நாட்டில் என்ன என்று கேட்டறிந்துகொள்வது அவரவர் கடமை.

காட்சிகள் எங்கே போகின்றன என்ற அச்சமும் பலருக்கு உண்டு. சென்ட்ரியின் பதிவுகள் காரில் உள்ள பென்டிரைவில்தான் தங்குகின்றன. கைப்பேசிச் செயலியில் நேரலையாகப் பார்க்கும் வசதிக்கு முனைக்கு முனை மறையாக்கம் உண்டு என்றும், தங்களால் அதைப் பார்க்க இயலாது என்றும் டெஸ்லா சொல்கிறது. ஆனால் தரவுப் பகிர்வு என்று தனியாக ஒரு தெரிவு இருக்கிறது, அதற்கு இசைவு கொடுத்தோமா என்பதை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. வாடிக்கையாளர்களின் கார்க் கேமராக்கள் எடுத்த காட்சிகளை 2019 முதல் 2022 வரை டெஸ்லா ஊழியர்கள் சிலர் தங்களுக்குள் பகிர்ந்துகொண்டதாக 2023 ஏப்ரலில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. அந்தச் செய்தியைப் படித்த அன்றே நான் தரவுப் பகிர்வை அணைத்துவிட்டேன்.

வழிப்போக்கன் எழுதியது:

வீட்டை விலக்கி வைத்துவிட்டேன், கேமரா வழிக் கண்டறிதலையும் மீண்டும் இயக்கிவிட்டேன். பக்கத்து வீட்டு அம்மாவிடமும் இனி விளக்கு ஒளிராது என்று சொல்லிவிட்டேன்.

கண்காணி சொன்னதை மனத்தில் வைத்துக்கொண்டு நேற்று இரவு ஐந்து நிகழ்வுகளையும் மறுபடி பார்த்தேன். முதல் தடவை நான் தேடியது உரசுகிற வண்டியை. இம்முறை என் காரின் கதவை மட்டும் பார்த்தேன். முன்சக்கரத்துக்கு மேலே இருக்கும் பக்கவாட்டுக் கேமரா பின்னோக்கிப் பார்ப்பதால், இடப்பக்கக் கதவுகள் இரண்டும் பின்சக்கர வளைவும் காட்சியின் ஓரத்தில் தெரிகின்றன. ஐந்தாம் நாள் மாலை 6.42 மணிக்கு யாரோ ஒருவர் கைப்பிடியை இழுத்துப் பார்த்திருக்கிறார். அந்தக் காட்சியில் சாய்வெயில் கதவின் மேல் விழுகிறது, கதவு கண்ணாடி போல் இருக்கிறது, கீறல் ஏதும் இல்லை. பக்கத்து இடத்தில் வெள்ளை நிற வேன் ஒன்று நிற்கிறது. ஆறாம் நாள் காலை 7.15 மணிக்கு வலப்பக்கக் காரின் கதவு என் கார் மீது இடித்திருக்கிறது. அந்த நிகழ்வின் இடப்பக்கக் காட்சியைத் திறந்தால், சக்கர வளைவுக்கு முன்னால் சுண்ணாம்பு தீற்றியது போல் ஒரு வெள்ளைக் கோடு. பக்கத்து இடம் காலியாக இருக்கிறது.

அப்போது சென்ட்ரி இயங்கிக்கொண்டுதான் இருந்தது. பேட்டரி குறைந்து அது நின்றது அதற்கு ஒன்றரை நாளுக்குப் பிறகு. அந்தப் பன்னிரண்டரை மணி நேரத்துக்குள் அந்த வேன் வெளியே போனபோதுதான் உரசல் நடந்திருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. வேனின் எண் பலகை ஒரு காட்சியில் பாதி தெரிகிறது. இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யலாம்? வேனின் படத்தை இங்கேயோ வேறெங்கேயோ வெளியிட்டால் யாராவது அடையாளம் சொல்வார்களா?

கண்காணி எழுதியது:

அருமையாகத் தேடியிருக்கிறீர்கள். கதவைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

படத்தை எங்கும் வெளியிட வேண்டாம் என்று உங்களை வேண்டிக்கொள்கிறேன். வேன் அங்கே நின்றது உண்மை, பிறகு இல்லை என்பதும் உண்மை. உரசியது அந்த வேன்தான் என்பதை உங்களிடம் உள்ள எந்தக் காட்சியும் காட்டவில்லை. வேன் போன பிறகு அதே இடத்தில் வேறொரு வெள்ளை வண்டி இரவில் வந்து திரும்பியிருக்கலாம். பழி பாவமறியாத ஒருவர்மேல் விழுந்துவிட்டால் அதைத் திரும்ப எடுக்க முடியாது. படிக்கட்டோரம் சொன்ன சட்டப் பொறுப்பும் உங்கள் தலையில்தான் விழும்.

உங்கள் கையில் இருக்கும் மதிப்புள்ள பொருள் எண் பலகை அன்று, அந்த இரண்டு நேரங்கள். நிறுத்தகத்துக்கென்று சொந்தக் கேமராக்கள் இருந்தால், ஒன்பது நாள் காட்சியையும் தேடிப் பார்க்கச் சொன்னால் யாரும் இசைய மாட்டார்கள். மாலை 6.42 முதல் காலை 7.15 வரை, இன்ன இடத்தில் நின்ற வாகனங்கள் வெளியேறிய நேரம் மட்டும் என்று கேட்டால் அது செய்யக்கூடிய வேலை. ஆனால் இத்தகைய காட்சிகளைப் பல இடங்களில் குறிப்பிட்ட நாள்களுக்குப் பிறகு அழித்துவிடுவார்கள் என்பதால் காலம் தாழ்த்தாதீர்கள்.

அதற்கு முன்பு பென்டிரைவைக் காரில் மீண்டும் செருகாமல், அந்த இரண்டு நிகழ்வுகளின் கோப்புறைகளை முழுமையாக வேறிடத்தில் நகலெடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கேமராவுக்கும் நிமிடத்துக்கு ஒன்றாகத் தனித்தனிக் கோப்பு இருக்கும். தேவையான துண்டை மட்டும் வெட்டி எடுத்தால் நேரத் தொடர்ச்சி போய்விடும். அதே கோப்புறையில் ஈவென்ட் என்ற பெயரில் ஒரு சிறு ஜேசன் கோப்பும் இருக்கும். நிகழ்வின் நேரமும், கார் நின்ற இடத்தின் தோராயமான புவிக்குறியீடும், எதனால் நிகழ்வு தூண்டப்பட்டது என்பதும் அதில் எழுதப்பட்டிருக்கும். காப்பீட்டு நிறுவனத்துக்கோ காவல்துறைக்கோ கொடுப்பதாக இருந்தால் அந்தக் கோப்பையும் சேர்த்தே கொடுங்கள். காரின் கடிகாரம் சரியாக இருந்ததா என்று கேட்பார்கள், கைப்பேசிக்கு அறிவிப்பு வந்த நேரத்தோடு ஒப்பிட்டுக் காட்டலாம்.

வழிப்போக்கன் எழுதியது:

இரண்டு கோப்புறைகளையும் நகலெடுத்துவிட்டேன். ஜேசன் கோப்பில் உள்ள நேரமும் காட்சியில் உள்ள நேரமும் ஒத்திருக்கின்றன. நிறுத்தகத்தின் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். வெளியேறும் வாயிலில் கேமரா இருக்கிறதாம், காட்சிகளை முப்பது நாள் வைத்திருப்பார்களாம். இன்றோடு பத்தொன்பது நாள் ஆகிறது. எழுத்து மூலமாக விண்ணப்பம் கொடுக்கச் சொன்னதால், இரண்டு நேரங்களையும் கார் நின்ற இடத்தின் எண்ணையும் குறிப்பிட்டு எழுதி வைத்திருக்கிறேன். நாளைக் காலையில் நேரில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். விடை கிடைத்ததும் இதே இழையில் எழுதுகிறேன்.